கைமாறிய கார்

அந்தக் கடிதம் மூன்று வருஷமாக எங்கள் வீட்டிலேயேதான் இருந்தது. சமையலறை மேடைக்குக் கீழே இரண்டாவது டிராயர். காலாவதியான கூப்பன்கள், பல் டாக்டர் அனுப்பிய நினைவூட்டல்கள், பிள்ளைகளின் பழைய ரிப்போர்ட் கார்டுகள், எந்தப் பூட்டுக்கு என்று தெரியாத சாவிகள் எல்லாம் அதற்குள் போகும். 'அப்புறம் பாத்துக்கலாம் டிராயர்' என்று என் மகள் அதற்குப் பெயர் வைத்திருந்தாள்.

2016 ஏப்ரலில் ஒரு ராத்திரி அந்த டிராயரை அப்படியே வெளியே இழுத்துத் தரையில் கவிழ்த்தேன்.

அன்று சாயங்காலம்தான் டிவியில் செய்தி பார்த்திருந்தேன். நாங்கள் இருப்பது ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில். தமிழர்கள் நிறைய இருக்கிற இடம். மார்ச் 31ஆம் தேதி எங்கள் கவுண்டியில், 17 வயதுப் பள்ளி மாணவி ஒருத்தி 2002ஆம் வருஷத்து ஹோண்டா சிவிக்கை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள். முன்னால் நின்ற வண்டியில் இடித்திருக்கிறாள். பெரிய மோதல் இல்லை. எல்லோரும் கதவைத் திறந்து இறங்கி நடந்து போயிருக்க வேண்டிய விபத்து என்று ஷெரீஃப் ஆபீஸ்காரர்களே சொன்னார்கள். ஆனால் ஏர்பேக் விரிந்தபோது அதற்குள் இருந்த உலோகக் குப்பி வெடித்து, அதன் துண்டு அவள் கழுத்தைக் கிழித்துவிட்டது. டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த ஏர்பேக். அமெரிக்காவில் இதனால் நடந்த பத்தாவது மரணம் என்று செய்தியில் சொன்னார்கள். அந்தக் காருக்கு ரீகால் இருந்தது. பழுது மட்டும் பார்க்கப்படவில்லை.

என் மகளுக்கு அப்போது பதினாறு. எல்.எல்.ஆர். போன்ற பெர்மிட் வாங்கி, பக்கத்தில் அவள் அப்பாவை உட்கார வைத்துக்கொண்டு தெருவில் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். செய்தி பார்த்ததும் என் மனசு முதலில் அவள் ஓட்டுகிற காருக்குத்தான் போயிற்று. அது புது வண்டி, கவலையில்லை. அதற்கப்புறம்தான் பழைய கார் ஞாபகம் வந்தது. எங்களிடமும் 2002 மாடல் ஒன்று இருந்தது. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு தமிழ்க் குடும்பத்திடமிருந்து 2007இல் வாங்கினோம். நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே அதில்தான். 2013 கடைசியில், ஹூஸ்டனில் எம்.எஸ். படிக்க வந்த மதுரைப் பையன் ஒருவனுக்கு 2,200 டாலருக்குக் கொடுத்தோம். தம்பி மாதிரி, நம்ம ஊர்ப் பையன், குறைத்துக் கொடுத்தோம் என்று எங்களுக்கு உள்ளூர ஒரு பெருமை.

டிராயரிலிருந்து கடிதம் கிடைத்தது. 2013 கோடையில் வந்தது. டீலர் அனுப்புகிற விளம்பரம், ஆயில் மாற்ற வரச் சொல்லும் தள்ளுபடிச் சீட்டு என்று நினைத்து உறையைக்கூடக் கிழிக்கவில்லை. இப்போது கிழித்தேன். பயணி பக்கத்து ஏர்பேக்கின் இன்ஃப்ளேட்டர் வெடிக்கலாம், உலோகத் துண்டுகள் சிதறிக் காயமோ மரணமோ நேரலாம், இலவசமாக மாற்றித் தருகிறோம், உடனே தொடர்புகொள்ளுங்கள் என்று இருந்தது. மூன்று பத்தி. படிக்க ஒன்றரை நிமிஷம் ஆயிற்று.

*

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. உட்கார்ந்து படித்தேன். நான் ஆஸ்பத்திரி பில்லிங் ஆபீஸில் வேலை பார்ப்பவள். ரசாயனம் பத்தாம் வகுப்போடு போயிற்று. ஆனால் இது புரியாத விஷயமாக இல்லை.

கார் மோதியதும் ஒரு சென்சார் அதை உணர்ந்து மின்சாரத் துடிப்பு அனுப்பும். உலோகக் குப்பிக்குள் மாத்திரை மாத்திரையாக அடைத்து வைத்திருக்கிற வேதிப்பொருள் எரிந்து வாயுவாக மாறும். அந்த வாயு பையை நிரப்பும். கண் இமைக்கிற நேரத்தில் பாதிகூட ஆகாது. அந்தக் குப்பிதான் இன்ஃப்ளேட்டர். பொருள் சரியான வேகத்தில் எரிந்தால் உயிர் பிழைக்கும். வேகம் கூடிவிட்டால் குப்பி தாங்காது, வெடிகுண்டாகிவிடும்.

டகாட்டா 1933இல் ஜப்பானில் நெசவுத் தொழிலாகத் தொடங்கிய குடும்ப நிறுவனம். பாராசூட்டுக்கான கயிறு நெய்தார்கள், பிறகு சீட் பெல்ட், பிறகு ஏர்பேக். எல்லாமே உயிரைக் காக்கிற சாமான்கள். 2000 வாக்கில் அவர்கள் இன்ஃப்ளேட்டருக்கு அமோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். விலை குறைவு. உரத்துக்கும் சுரங்க வெடிக்கும் பயன்படுகிற அதே பொருள். டெக்ஸாஸ்காரர்களுக்கு அந்தப் பெயரைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். எங்களுக்கு ஒரு மணி நேர தூரத்தில் இருக்கிற டெக்ஸாஸ் சிட்டி துறைமுகத்தில் 1947 ஏப்ரலில் அமோனியம் நைட்ரேட் ஏற்றிய கப்பல் வெடித்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2013 ஏப்ரலில் வெஸ்ட் என்ற சின்ன ஊரில் உரக் கிடங்கு வெடித்து 15 பேர்.

அந்த உப்புக்கு ஈரம் ஆகாது. வெயிலில் சூடாகி ராத்திரி ஆறி, மறுபடி சூடாகி, கூடவே ஈரக் காற்றும் சேர்ந்தால் வருஷக்கணக்கில் மாத்திரைக்குள் நுண்ணிய துளைகளும் வெடிப்புகளும் உண்டாகும். அப்படி உளுத்துப்போன மாத்திரை திட்டமிட்டதைவிட வேகமாக எரியும். ஈரத்தை உறிஞ்சும் பொருளை உள்ளே வைத்தால் ஆபத்து குறையும். ஆரம்பகால இன்ஃப்ளேட்டர்களில் அதை வைக்கவில்லை. வேறு நிறுவனங்கள் வேறு வேதிப்பொருளைப் பயன்படுத்திக்கொண்டிருந்தன. அதாவது வழி இல்லாமல் இல்லை.

ஈரம், வெயில், பழைய கார். இந்த மூன்றும் சேருகிற இடம் எது? அரசாங்கம் ஒரு வரைபடம் போட்டிருந்தது. ஃப்ளோரிடா, லூசியானா, டெக்ஸாஸ், ஹவாய் போன்ற புழுக்கமான மாநிலங்களெல்லாம் முதல் மண்டலம். எங்கள் கார் பன்னிரண்டு வருஷம் ஹூஸ்டன் வெயிலில் நின்ற கார். வாங்கின வீட்டிலும் கராஜ் இல்லை, நாங்களும் முதல் மூன்று வருஷம் அபார்ட்மென்ட்டில் இருந்தோம்.

வண்டிக்குப் பதினேழு எழுத்தும் எண்ணும் கொண்ட ஓர் அடையாளம் உண்டு, வின் நம்பர் என்பார்கள். பழைய இன்ஷூரன்ஸ் அட்டையில் அது இருந்தது. நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் அடித்துப் பார்த்தேன். பழுது பார்க்கப்படாத ரீகால் உள்ளது என்று வந்தது. அப்படியென்றால் கார் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறது, அந்தக் குப்பியோடு.

*

மறுநாள் காலை மதுரைத் தம்பிக்கு போன் போட்டேன். அவன் சியாட்டிலில் வேலைக்குப் போய்விட்டான்.

"அக்கா! எப்படி இருக்கீங்க? அந்தக் காரா? அது கைமாறி ஒன்றரை வருஷம் ஆச்சேக்கா. ஜூனியர் ஒருத்தனுக்குக் குடுத்தேன். தெலுங்குப் பையன்."

"அது சம்பந்தமா உனக்கு ஏதாவது லெட்டர் வந்துச்சாப்பா?"

"தெரியலக்கா. நான் மூணு அபார்ட்மென்ட் மாறினேன். மெயில்பாக்ஸை எப்பவாவதுதான் திறப்பேன், எல்லாம் குப்பை."

குப்பை. நானும் அப்படித்தானே நினைத்தேன்.

ரீகால் கடிதம் எப்படி வருகிறது என்று அப்போதுதான் யோசித்தேன். மாநிலப் பதிவேட்டில் வண்டிக்கு யார் சொந்தக்காரர் என்று இருக்கிறதோ அவருடைய முகவரிக்கு வரும். புதுக் கார் வாங்குகிறவர் வீட்டுக்காரர், பத்து வருஷம் ஒரே இடத்தில் இருப்பார், கடிதம் சேரும். கார் பழசாக ஆகத்தான் ஆபத்து கூடுகிறது. கார் பழசாக ஆகத்தான் அது வீடு மாறுகிறவர்கள், இங்கிலீஷ் தெரியாதவர்கள், பதிவை மாற்ற நேரமோ காசோ இல்லாதவர்கள் கையில் போய்ச் சேருகிறது. கடிதம் ஒரு பக்கமும் குப்பி ஒரு பக்கமும் போகின்றன.

நம்மவர்கள் நடுவில் கார் கைமாறுகிற விதம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஊருக்குத் திரும்புகிறவர் புதிதாக வந்தவருக்குக் கொடுப்பார். சீனியர் ஜூனியருக்குக் கொடுப்பான். அரிசி குக்கர், மெத்தை, கார் எல்லாம் ஒரே மாதிரி கைமாறும். டைட்டில் பின்னால் கையெழுத்து, ஒரு கவர் பணம், கோயிலில் எலுமிச்சம்பழம். ரொம்ப நல்ல ஏற்பாடு என்று நான் அதுவரை நினைத்திருந்தேன்.

தெலுங்குப் பையனைப் பிடிக்க நாலு நாள் ஆயிற்று. டாலஸில் இருந்தான். போன வருஷம் கோடையில் ஹில்கிராஃப்ட் பக்கம் கேட்டரிங் செய்கிற ஒருவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். "தமிழ் அங்கிள்தான் ஆன்ட்டி, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்." தெரிந்தது. காரைக்குடி அண்ணன். எங்கள் மகன் பிறந்தநாளுக்கு அவர்தான் பிரியாணி செய்து கொடுத்தார். அந்தப் பிரியாணி என் பழைய காரில்கூட வந்திருக்கலாம், நான் கவனிக்கவில்லை.

"அந்தக் கார் இப்ப என்கிட்ட இல்லீங்களே ஆச்சி," என்றார் அவர். வயது வித்தியாசம் அதிகமில்லை. பழக்கதோஷத்தில் எல்லாப் பெண்களையும் ஆச்சி என்பார். "நம்ம கிச்சன்ல வேலை செய்யுதே ஒரு பொம்பள, எல் சால்வடார்க்காரங்க, அவங்க எடுத்துக்கிட்டாங்க. மாசம் நூறு நூறா கழிச்சுக்கிறோம். நல்ல வண்டி. ஒரு தொந்தரவும் இல்ல."

"டைட்டில் மாத்திட்டீங்களாண்ணே?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. "கடன் முடியட்டும்னு வச்சிருந்தேன்."

அப்போது தெரிந்தது, வரவேண்டிய கடிதங்கள் எல்லாம் தெலுங்குப் பையன் காலி செய்துவிட்டுப் போன அபார்ட்மென்ட் கதவு எண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன என்று.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை பேர்லாண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போனோம். கேன்டீனில் என் தோழியின் மகள் இருந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்த பெண், வக்கீல். விபத்து வழக்குகள் பார்க்கிற ஒரு ஆபீஸில் வேலை. தயிர்சாதத் தட்டோடு அவள் எதிரில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆன்ட்டி, முதல்ல ஒண்ணு. உங்க மேல கேஸ் நிக்கறது ரொம்பக் கஷ்டம்," என்றாள். ரீகால் நிலுவையில் இருக்கிற புதுக் காரை டீலர் விற்கக் கூடாது. பழைய கார் விற்கிற டீலரையே மத்திய சட்டம் அப்படித் தடுக்கவில்லை. வாடகைக்கார் கம்பெனிகளுக்கு மட்டும் போன டிசம்பரில் ஒரு சட்டம் வந்திருக்கிறது, பெரிய கம்பெனிகள் ரீகால் சரிசெய்யாமல் வாடகைக்கு விடக் கூடாது என்று. தனி ஆள் தனி ஆளுக்கு விற்பது, உள்ளது உள்ளபடி. "தெரிஞ்சும் மறைச்சிருந்தா வேற கதை. நீங்க லெட்டரைப் பிரிக்கவே இல்லல்ல, அதுதான் உங்களைக் காப்பாத்துது."

பிரிக்காமல் வைத்ததுதான் என்னைக் காப்பாற்றுகிறது! தயிர்சாதம் அதற்கப்புறம் இறங்கவில்லை.

யாருக்காவது அடிபட்டிருந்தால் அவர்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்டேன். அவள் விரல்விட்டு எண்ணிச் சொன்னாள். அதை இங்கே எழுதி வைக்கிறேன், யாருக்காவது பயன்படும்.

முதலாவது, காரை விட்டுவிடக் கூடாது. விபத்தான காரை இழுத்துப்போய் ஒரு முற்றத்தில் வைப்பார்கள், நாளுக்கு இவ்வளவு என்று வாடகை ஏறும். அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் இருப்பார். இன்ஷூரன்ஸ் கம்பெனி மொத்த நஷ்டம் என்று எழுதி, பணம் கொடுத்து, காரை ஏலத்துக்கு அனுப்பிவிடும். ஏர்பேக், வெடித்த குப்பி, மோதல் வேகத்தைப் பதிவு செய்யும் பெட்டி எல்லாம் அதோடு போய்விடும். அப்புறம் எதை வைத்து நிரூபிப்பது? டாக்டர் உடம்பிலிருந்து எடுத்த உலோகத் துண்டைக்கூடக் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். அந்தக் காயத்தைப் பார்த்து ஏர்பேக் என்று தோன்றாது. 2014இல் ஆர்லாண்டோவில் இறந்துபோன ஒரு பெண்ணின் கழுத்துக் காயங்களைப் பார்த்துவிட்டு, யாரோ கத்தியால் குத்தியிருக்கிறார்கள் என்றுதான் போலீஸார் முதலில் நினைத்தார்கள்.

இரண்டாவது, வழக்கு. டெக்ஸாஸில் அடிபட்ட நாளிலிருந்து இரண்டு வருஷம். பொருளில் குறை என்று வழக்குப் போட்டால், அதைவிடப் பாதுகாப்பான வேறொரு வடிவமைப்பு சாத்தியமாக இருந்தது என்று காட்ட வேண்டும். டகாட்டா விஷயத்தில் அது அவ்வளவு கஷ்டமில்லை. வக்கீலுக்கு முன்பணம் வேண்டாம். ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்வார்கள்.

மூன்றாவதை அவள் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னாள். "இந்த ஸ்டேட்ல பதினஞ்சு வருஷக் கணக்கு ஒண்ணு இருக்கு ஆன்ட்டி. பொருளை வித்த நாள்லேருந்து பதினஞ்சு வருஷம் தாண்டிட்டா, தயாரிச்சவங்க மேல பொதுவா கேஸ் போட முடியாது. அடி எப்ப பட்டாலும் சரி."

மனசுக்குள் கணக்குப் போட்டேன். அந்தக் கார் முதலில் விற்றது 2002இல். 2017இல் பதினைந்து முடியும். மாத்திரை உளுத்துக்கொண்டே போகிறது, ஆபத்து வருஷா வருஷம் கூடுகிறது, ஆனால் கேட்கிற உரிமைக்கு மட்டும் ஒரு தேதி வைத்து முடித்துவிடுகிறார்கள்.

நான்காவது எனக்கே தெரியும். ஏதாவது நஷ்டஈடு வந்தால், விபத்து நடந்து மூன்று நாளுக்குள் சேர்த்துக்கொண்ட ஆஸ்பத்திரி தன் பாக்கிக்கு அதில் முன்னுரிமை கேட்கலாம். அந்தக் காகிதங்களைத் தயாரிப்பது எங்கள் ஆபீஸில் என் வேலை. எத்தனையோ தயாரித்திருக்கிறேன், மறுபக்கத்தில் இருப்பவர் யார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

கிளம்பும்போது அவள் சொன்னாள்: "ஆன்ட்டி, அந்த லேடியைப் பாருங்க, ரீகால் பத்தி சொல்லுங்க. ஆனா லெட்டர் உங்ககிட்ட இருந்துச்சுன்னு சொல்லணும்னு அவசியமில்ல. ஒரு வக்கீலா சொல்றேன்."

*

கல்ஃப்டன் என்பது ஹில்கிராஃப்டுக்கு ஒட்டியே இருக்கிற பகுதி. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் நெருக்கமாக வாழ்கிற அபார்ட்மென்ட் வரிசைகள். காரைக்குடி அண்ணனும் கூட வந்தார். கார் வாசலிலேயே நின்றது. பின்பக்க பம்பரில் நான் கோயில் பார்க்கிங்கில் இடித்த நெளிவு அப்படியே இருந்தது. பின்சீட் முழுக்க அலுமினிய ட்ரே, எண்ணெய் டின். முன்சீட்டில் ஒரு பையனின் ஸ்கூல் பை.

அந்த அம்மாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அவருக்கு இங்கிலீஷ் குறைவு, எனக்கு ஆஸ்பத்திரி ஸ்பானிஷ் மட்டும். வலி, பில், கையெழுத்து, எங்கே வலிக்கிறது என்ற அளவுக்கு. அதை வைத்துக்கொண்டே சொன்னேன். பையன் எங்கே உட்காருவான் என்று கேட்டேன். முன்னால்தான், பின்னால் சாமான் இருக்குமே என்றார். ஒன்பது வயது.

இலவசமாக மாற்றித் தருவார்கள் என்றேன். அவர் நம்பவில்லை. எவ்வளவு ஆகும் என்று மறுபடி கேட்டார். "நாதா," என்றேன். ஸ்பானிஷில் ஒன்றுமில்லை என்று அர்த்தம். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் காதில் பழைய சினிமா வசனம் விழுந்திருக்கும்.

பணம் மட்டும் பிரச்சினையில்லை. எந்த ஆபீஸாக இருந்தாலும் காகிதம் கேட்பார்கள் என்ற பயம். கார் வேறு அவர் பெயரில் இல்லை. ஒரு நாள் வேலை போகும், அந்த நாள் கூலி போகும். இதெல்லாம் அவர் சொல்லவில்லை. அண்ணன் தமிழில் எனக்கு மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு, "அந்த நாள் சம்பளத்தை நான் குடுத்துடறேன் ஆச்சி," என்றார்.

பேச்சு முடிகிற சமயத்தில் அவர் என்னிடம் கேட்டார்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

கைப்பையில் அந்தக் கடிதம் இருந்தது. வக்கீல் பெண் சொன்னது காதில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவர் இங்கிலீஷ் வரிகளைத் தாண்டி மேலே இருந்த தேதியைப் பார்த்தார். 2013. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முன்சீட்டை ஒருமுறை பார்த்தார். எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில், நான் இதைப் படிக்கவில்லை, என் தப்பு என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்கிற வார்த்தை எங்கள் ஆபீஸில் தினமும் பயன்படுத்துகிற வார்த்தைதான். அன்றைக்குத்தான் அதற்கு அர்த்தம் இருந்தது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தேன். ஒரு பிளாஸ்டிக் பையோடு திரும்பி வந்தார். பை நிறைய உறைகள். பாதி பிரிக்காதவை. ஸ்கூல், கிளினிக், கரண்ட் பில், அபார்ட்மென்ட் ஆபீஸ். எல்லாம் இங்கிலீஷ். படித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

வாசற்படியிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். முக்கால்வாசி குப்பைதான். நாலைந்து குப்பை இல்லை.

*

டீலரிடம் நானும் போனேன். வின் நம்பரும் ஒரு போன் நம்பரும் போதும் என்றார்கள், வேறு எந்தக் காகிதமும் கேட்கவில்லை. ஆனால் உதிரிபாகம் வர மூன்று வாரம் ஆகும், அதுவரை முன்சீட்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள் என்றார்கள். நாடு முழுக்கப் பல லட்சம் கார்களுக்கு ஒரே நேரத்தில் பாகம் வேண்டியிருந்த காலம் அது. மாற்றுக் கார் கொடுங்கள் என்று கேட்டேன். முதலில் இல்லை என்றார்கள். மேனேஜரைக் கூப்பிடச் சொன்னதும் கொடுத்தார்கள். கேட்டால்தான் கிடைக்கும் என்பது அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

மாற்றுவதற்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆயிற்று. கழற்றியதைக் காட்ட முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். குட்டையான உருளை, கையில் அடங்கிவிடும். துருகூட இல்லை. அந்தச் சீட்டில் என் மகள் ஆறு வருஷம் உட்கார்ந்து ஸ்கூலுக்குப் போயிருக்கிறாள்.

அன்று ராத்திரி அந்தப் பதினேழு எழுத்தை மறுபடி அடித்தேன். நிலுவை எதுவும் இல்லை என்று வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எல்லோருக்கும் செய்தியாகத் தெரியும். 2017 ஜனவரியில் டகாட்டா மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொள்ள இசைந்தது. இன்ஃப்ளேட்டர் சோதனை முடிவுகளைப் பல வருஷம் மாற்றி எழுதிக் கார் நிறுவனங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். மூன்று முன்னாள் அதிகாரிகள் மீது குற்றப்பத்திரிகை. மொத்தம் நூறு கோடி டாலர். அதில் 85 கோடி கார் நிறுவனங்களுக்கு, 2.5 கோடி அபராதம், 12.5 கோடி காயம்பட்டவர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும். இந்தப் பங்கீட்டை நான் பலமுறை படித்துப் பார்த்திருக்கிறேன். அந்த ஜூனில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. திவாலான கம்பெனி மீது வழக்கம்போல் வழக்குப் போட முடியாது. அடிபட்டவர்களும் கடன்காரர்கள் வரிசையில் நிற்க வேண்டும். அவர்களுக்காகத் தனியாக ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். அதற்கும் அதே கேள்விதான்: குப்பி வெடித்ததற்கு ஆதாரம் எங்கே, ஆஸ்பத்திரிக் காகிதம் எங்கே? அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இறந்தவர்கள் 28 பேர், காயம்பட்டவர்கள் நானூறு பேர்.

ஏர்பேக்கே வேண்டாம் என்று இதைப் படித்துவிட்டு யாரும் நினைக்கக் கூடாது. அவற்றால் இந்த நாட்டில் பிழைத்தவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேல்.

தூத்துக்குடியில் இருக்கிற என் அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னபோது, "நம்ம ஊர்ல எவன் லெட்டர் போடப் போறான்?" என்றான். டகாட்டா ரீகால் இந்தியாவிலும் நடந்தது, ஆனால் வெகுகாலம் அது நிறுவனங்கள் தாங்களாகச் செய்தால்தான் உண்டு. 2021 ஏப்ரலிலிருந்துதான் அரசாங்கம் கட்டாயப்படுத்திக் காரைத் திரும்ப அழைக்கச் சொல்ல விதி வந்தது. 2019 நுகர்வோர் சட்டத்தில் பொருளின் குறையால் நேர்ந்த காயத்துக்கு நஷ்டஈடு கேட்க ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது, அங்கேயும் இரண்டு வருஷக் கெடுதான். அவனுடையதும் மூன்று கை மாறின கார். தூத்துக்குடிக் காற்றும் ஹூஸ்டன் காற்று மாதிரிதான். சேஸிஸ் நம்பரைக் கம்பெனித் தளத்தில் போட்டுப் பார் என்று சொல்லி, அவன் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லும்வரை போனை வைக்கவில்லை.

வக்கீல் பெண் இன்றைக்கும் சொல்வாள், நீங்கள் அந்தக் கடிதத்தைக் காட்டியிருக்கக் கூடாது ஆன்ட்டி என்று. அவள் தொழிலுக்கு அது சரி. சட்டப்படி எனக்கு ஒரு பொறுப்பும் இல்லை. கார் செய்தவர், குப்பி செய்தவர், அஞ்சல் போட்டவர், விற்றவர் ஒவ்வொருவராகச் சட்டம் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் வரும்போது கையை உதறிவிடுகிறது. ஆனால் அந்த ஒன்பது வயதுப் பையனுக்கும் அந்தக் குப்பிக்கும் நடுவில் இருந்தது என் டிராயர்தான்.

அந்தப் பிளாஸ்டிக் பை இப்போதும் மாதம் ஒருமுறை என்னிடம் வருகிறது. இப்போதெல்லாம் பையனே முக்கால்வாசியைப் படித்துவிடுகிறான்; சிக்கலானதை மட்டும் எனக்கு எடுத்து வைப்பான். 2020இல் அவர்கள் அந்தக் காரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள், எஞ்சின் போய்விட்டது. ஏர்பேக்கால் இல்லை, வயதால்.

டிராயரை நான் காலி செய்துவிட்டேன். எங்கள் வீட்டுக் கார்களின் வின் நம்பர்கள் ஃபிரிஜ் கதவில் ஒட்டியிருக்கின்றன. தீபாவளிக்கு ஒருமுறை, சித்திரைக்கு ஒருமுறை போட்டுப் பார்ப்பேன். பழைய காரின் நம்பரை ஒட்டவில்லை. அது எனக்கு மனப்பாடம்.